பொதுப் பணமும் தனியார் நிலமும்

ஒருவர் தம் நிலத்தைத் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம்; உழலாம்; அதில் குடியிருக்கலாம்; விற்கலாம்; மக்களுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் அதனைக் கூறுபோட்டு மனைகளாக்கவோ, மரங்களை அடியோடு வெட்டி அங்கே மாளிகைகளும் ஆலைகளும் எழுப்பவோ தமக்கும், தமக்குப் பின் அந்நிலத்தை அடைவோர் எவருக்கும் பாத்தியம் இல்லை என்று சாசனம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 3 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இன்று இத்தகைய சாசனங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. ‘கான்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ என்று அந்நாட்டார் வழங்கும் இதனைக் காப்புப் பாத்தியம் என்று நாம் கூறுவோம்.

இது பழைய வழக்கத்தால் வந்த உரிமையன்று. அந்நாட்டு ராஜ்ய சட்டசபைகள் சட்டமியற்றி உண்டாக்கிய உரிமையாகும். தனியுடைமையைப் பறிக்காமலே காட்டையும் கழனியையும் காக்க வழி கண்டுவிட்டோம் என்று இதனை மெச்சுவோர் பலர். செல்வர்கள் வரி கட்டாமல் தப்புவதற்குத் திறந்துவிட்ட பின்வாசல் என்று இகழ்வோரும் உண்டு. இரு கட்சியிலும் உண்மை இருக்கிறது. எந்தச் சட்டசபை எவ்வளவு விழிப்போடு சட்டம் செய்தது என்பதைப் பொறுத்தே ஒரே ஏற்பாடு ஓரிடத்தில் தர்மமாகவும், மற்றோரிடத்தில் மோசடியாகவும் முடிந்திருக்கிறது. பொது ஜனங்களின் பணம் எங்கே செல்கிறதோ அங்கே பொது ஜனங்களின் கண்ணும் செல்ல வேண்டும் என்பதே இவ்விஷயத்தில் நாம் காணும் பாடம்.

ஒரு கட்டிலிருந்து ஒரு பாத்தியம்

நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று அஷ்டபோகங்களையும் எண்ணிக் கிரயப் பத்திரத்தில் எழுதும் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. சொத்துரிமை என்பது ஒரே பிண்டமன்று. பல பாத்தியங்கள் சேர்ந்த ஒரு கட்டு என்பதை அவ்வழக்கமே காட்டும். அமெரிக்கர் இக்கட்டிலிருந்து மனை பிரித்துக் கட்டடம் எழுப்பும் பாத்தியத்தை மட்டும் உருவி எடுத்து, ஒரு தர்ம ஸ்தாபனத்தினிடமோ சர்க்காரினிடமோ ஒப்புவிக்கிறார்கள். வாங்கிக் கொண்டவர் அப்பாத்தியத்தைத் தாம் அனுபவிக்க முடியாது. பிறர் அனுபவியாமல் காவல் காப்பதே அவருடைய கடமை.

பழைய ஆங்கிலச் சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. அயலார் நிலத்தின் வழியே நடப்பதும், வாய்க்கால் நீர் கொண்டுபோவதும் போன்ற பாத்தியங்கள் ஒரு நிலத்தின் நன்மைக்காக மற்றொரு நிலத்தின்மேல் ஏற்படுபவை. பக்கத்தில் ஒரு குழி நிலமும் இல்லாத சங்கம் ஒன்று நூறு மைலுக்கு அப்பாலுள்ள பண்ணையின்மேல் இத்தகைய பாத்தியத்தை நிலையாகக் கொண்டாட நீதிபதிகள் எளிதில் சம்மதியார். “இன்னது செய்யாதே” என்று தடுக்கும் பாத்தியங்களையோ வெளிச்சம், காற்று, கட்டடத்துக்கு ஆதாரம், செயற்கை வாய்க்காலின் நீர் என்ற நான்கோடு நிறுத்திவிட்டார்கள். இறந்தவர்களின் கை உயிரோடிருப்பவர்களின் நிலத்தை என்றென்றும் பற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதே அவர்கள் கருத்து. அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை.

1930-களில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் வழியாகப் பெருஞ்சாலை அமைத்தபோது, இருமருங்கிலும் உள்ள இயற்கைக் காட்சி கெடாதிருக்க வேண்டுமென்று தேசிய பூங்கா இலாகா அக்கம்பக்கத்துப் பண்ணைகளின்மேல் இத்தகைய பாத்தியங்களை வாங்கியது. சாசனம் எழுதியவர்கள் இருந்தவரை ஒருவாறு நடந்தது. நிலம் கைமாறியதும், இப்படியொரு நிபந்தனை இருப்பதே தெரியாது என்று புதியவர்கள் மரம் வெட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். காவலற்ற சாசனம் வெறும் காகிதம் என்பதை முதன்முதலில் உணர்த்தியது இந்த அனுபவமே.

யுத்தத்துக்குப் பின் நகரங்கள் பெருகிக் கழனிகளை விழுங்கத் தொடங்கியபோது சட்டசபைகள் விழித்துக்கொண்டன. மாஸச்சூஸெட்ஸ் 1956-லும், கலிபோர்னியா 1959-லும் இவ்வகைச் சட்டங்களுக்கு வழி திறந்தன. வில்லியம் ஒயிட் என்ற எழுத்தாளர் 1959-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, காப்புப் பாத்தியம் என்ற பெயரையே நாடெங்கும் பரப்பிற்று. நிலம் முழுவதையும் சர்க்கார் விலைக்கு வாங்குவதென்றால் கஜானா தாங்காது. ஆகவே வேண்டிய பாத்தியத்தை மட்டும் வாங்குவோம் என்பது அவர் வாதம். பல ராஜ்யங்களின் சட்டங்களை ஒருமைப்படுத்தும் கமிஷனர்களின் மகாநாடு 1981-ல் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. பக்கத்து நிலம் இல்லாவிட்டாலும், பழைய சட்டம் ஒப்பாவிட்டாலும் இப்பாத்தியம் செல்லும். பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அது காலவரையின்றி நிற்கும் என்று அச்சட்டம் கூறியது. இருபதுக்கு மேற்பட்ட ராஜ்யங்கள் அதனை ஏற்றன. வயோமிங் 2005-ல்தான் ஏற்றது. வடக்கு டகோட்டா மட்டும் தனிவழி நின்று, இத்தகைய பாத்தியம் எதுவும் 99 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்று வரம்பிட்டிருக்கிறது.

கொடுப்பவர் பெறுவது

நில உடையோர் இதற்கு ஏன் இசைகிறார்கள்? பிறந்த மண்ணின்மேல் கொண்ட அன்பினால் இசைவோர் பலர். ஆயினும் அன்போடு ஆதாயமும் கலந்திருக்கிறது. மனைகளாக்கினால் 10 லட்சம் டாலருக்குப் போகக்கூடிய பண்ணை, பண்ணையாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பின் 4 லட்சத்துக்கே போகும் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 6 லட்சமும் தர்மமாகக் கொடுத்த நன்கொடை என்று கணக்கிடப்பட்டு, வருமான வரிக் கணக்கில் கழிக்கப்படும். மத்திய சட்டசபை 1976-ல் இச்சலுகைக்குச் சட்ட உருவம் கொடுத்து, 1980-ல் அதனை நிலைப்படுத்தியது. பாத்தியம் என்றென்றைக்குமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. 2006-ல் சலுகையை விரிவாக்கி, 2015-ல் அவ்விரிவை நிரந்தரமாக்கினார்கள். ஆண்டு வருமானத்தில் பாதி வரையிலும், விவசாயிகளானால் முழு வருமானம் வரையிலும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை மேலும் 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

ராஜ்யங்களும் இதில் பின்வாங்கவில்லை. வடக்கு கரோலைனா 1983-லேயே தன் வருமான வரியில் சலுகை கொடுத்து வழிகாட்டியது. வர்ஜீனியா 1999-ல் சட்டம் செய்தது. நன்கொடையின் மதிப்பில் 100-க்கு 40 வீதம் அங்கே வரியிலேயே நேராகத் தள்ளப்படுகிறது. வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லாத ஏழை விவசாயிக்கு வரிச் சலுகையால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அதற்காக வர்ஜீனியாவும் கொலராடோவும் அச்சலுகையைப் பிறருக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ள அநுமதித்தன. நிலம் உண்டு, கையில் காசில்லை என்று தவித்த விவசாயிகள் பலருக்கு இது கடன் தீர்க்கும் வழியாயிற்று.

செவ்வனே நடந்தால் இதன் பயன் பெரிது. மெய்ன் ராஜ்யத்தில் ஒரே குடும்பத்தாருக்குச் சொந்தமான 7,62,192 ஏக்கர் காட்டின்மேல் 2001-ல் இத்தகைய பாத்தியம் ஏற்பட்டது. அதற்காக நன்கொடையாளரிடம் திரட்டிக் கொடுத்த தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர். ஏக்கருக்குச் சுமார் 37 டாலர். அக்குடும்பத்தார் முறைப்படி மரம் வெட்டி விற்கலாம், வேலையாட்களுக்கு வேலை உண்டு, வரியும் உண்டு, ஆனால் ஏரிக்கரைகளைக் கூறுபோட்டு உல்லாச விடுதிகள் எழுப்ப முடியாது. அத்தனை நிலத்தையும் விலைக்கு வாங்க எந்தச் சர்க்காரால் முடியும்?

கள்ளம் புகுந்த வழி

ஆனால் நாம் மேலே சொன்ன கணக்கை நேயர்கள் மீண்டும் நோக்க வேண்டும். 10 லட்சம் என்பது யார் கொடுத்த விலை? எவரும் கொடுத்ததன்று, மதிப்பீட்டாளர் ஒருவர் காகிதத்தில் எழுதிய விலை. நிலம் விற்கப்படவில்லை, பணம் கைமாறவில்லை. முன் விலையை உயர்த்தி எழுதினால் நன்கொடை பெருகும்; நன்கொடை பெருகினால் வரி குறையும். எழுதுகிறவருக்கும் எழுதுவிக்கிறவருக்கும் ஒரே ஆதாயம். நஷ்டமடைகிற பொது ஜனமோ அந்த அறையில் இல்லை.

கொலராடோவில் நடந்தது இதுவே. 2000-ம் ஆண்டு முதல் விற்கத்தக்க வரிச் சலுகைகள் வழங்கப்பட்டன. விரைவிலேயே மதிப்பீடுகள் வீங்கின. ராஜ்யத்தார் விழித்து, நூற்றுக்கணக்கான சலுகைகளைச் செல்லாதென்று மறுத்தார்கள். 2008-ல் மேற்பார்வைக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தி, பாத்தியம் வகிக்கும் ஸ்தாபனங்களுக்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். களவு போனபின் கதவைச் சாத்திய கதைதான். இதில் நல்லெண்ணத்தோடு சாசனம் எழுதிக்கொடுத்த விவசாயிகளின் கதி பரிதாபத்துக்குரியது. அவர்களுடைய சலுகை மறுக்கப்பட்டது. நிலத்தின்மேல் போட்ட பூட்டோ அப்படியே நின்றது. சர்க்கார் முதலிலேயே செய்ய வேண்டிய விசாரணையைப் பல ஆண்டு கழித்துச் செய்தால், தண்டனை குற்றவாளியோடு நிற்பதில்லை, குற்றமற்றவனையும் தொடுகிறது.

மத்திய வரிச் சலுகையில் நடந்த கொள்ளை இன்னும் பெரிது. தரகர்கள் மலிவு விலைக்கு நிலம் வாங்குவது. வருமானம் மிகுந்த நகரவாசிகளைப் பங்காளிகளாகச் சேர்ப்பது. சில மாதங்களுக்குள் அந்நிலத்தை வாங்கிய விலையைப்போல் பன்மடங்கு மதிப்பிட்டுக் காப்புப் பாத்தியம் எழுதுவது. போட்ட பணத்தைவிட அதிகமான வரியை ஒவ்வொரு பங்காளியும் மீத்துக்கொள்வது. இது வியாபாரமாகவே நடந்தது. இத்தகைய ஏற்பாடுகளை மறைவின்றித் தெரிவிக்க வேண்டும் என்று வரி இலாகா 2016 டிசம்பரில் அறிவித்தது. மத்திய சட்டசபை 2022 டிசம்பரில்தான், பங்காளிகள் போட்ட முதலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட கழிவு பொதுவாகச் செல்லாது என்று விதித்தது. அட்லாண்டா நகரத்தில் இத்தொழில் நடத்திய இருவர் 2023-ல் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டு, 2024 ஜனவரியில் ஒருவர் 25 ஆண்டும் மற்றவர் 23 ஆண்டும் சிறைத் தண்டனை பெற்றார்கள். தர்மத்தின் பெயரால் செய்த திருட்டு ஆதலால் தண்டனை அதிகமென்று நாம் கூறோம்.

கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல்

மதிப்பில் மட்டுமின்றிக் காவலிலும் குறை நேர்வதுண்டு. வயோமிங் ராஜ்யத்தில் 1993-ல் ஏறக்குறைய 1,000 ஏக்கர் பண்ணையொன்றின்மேல் காப்புப் பாத்தியம் எழுதி, ஜில்லா நிர்வாகத்தின்கீழ் உள்ள ஒரு தர்மக் குழுவினிடம் ஒப்புவித்தார்கள். 1999-ல் பண்ணை கைமாறியது. நிலத்தடியில் வாயு எடுக்கும் பாத்தியம் பிறர் வசம் இருப்பதால் காப்பு பயனற்றதாகிவிட்டது என்று புதிய உடைமையாளர் கூற, 2002-ல் ஜில்லா நிர்வாகத்தார் அப்பாத்தியத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் பெறவில்லை. அவ்வூர்வாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்காட அவருக்குப் பாத்தியமில்லை என்று 2007-ல் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலே வழக்கில் இறங்க நேர்ந்தது.

இத்தீர்ப்பை நாம் குறைகூறப் புகவில்லை. சட்டம் வாய்மூடியிருந்தால் நீதிபதிகள் என் செய்வார்கள்? குறை சட்டசபையினுடையது. பொது நன்மைக்கென்று எழுதிய சாசனம் கலைக்கப்படும்போது யார் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று சொல்லாத சட்டம் பாதிச் சட்டமேயாகும்.

மெய்ன் ராஜ்யம் 2007-ல் செய்த திருத்தம் இங்கே போற்றத்தக்கது. அதன்படி, பாத்தியம் வகிக்கும் ஸ்தாபனங்கள் தாம் வகிப்பவற்றை ஆண்டுதோறும் ராஜ்யத்தின் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நிலத்தை நேரில் பார்வையிட்டு அறிக்கை எழுதிவைக்க வேண்டும். பாத்தியத்தைக் கலைப்பதானால் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்; அட்டர்னி ஜெனரல் அவ்வழக்கில் ஒரு கட்சிக்காரராக இருக்க வேண்டும். மனைகளாக்கினால் அதிக லாபம் வருமே என்ற வாதம் அங்கே செல்லாது. அப்படியும் பாத்தியம் கலைக்கப்பட்டு, நில உடைமையாளருக்கு நிலத்தின் விலை உயருமானால், உயர்ந்த தொகையை அவர் காப்புக் காரியத்துக்கே செலுத்திவிட வேண்டும். இக்கடைசி விதியில் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பொது ஜனம் வாங்கிய பொருளை உடைமையாளர் மீண்டும் இலவசமாகப் பெறலாகாது. மாஸச்சூஸெட்ஸிலோ ஒவ்வொரு சாசனமும் உள்ளூர் நிர்வாகத்தின் சம்மதமும் ராஜ்ய சர்க்காரின் சம்மதமும் பெற்ற பின்பே செல்லும். தாமதம் என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. என்றென்றைக்குமாக எழுதும் சாசனத்துக்குச் சில மாதத் தாமதம் பெரிதா?

‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூறவேண்டும். சந்திராதித்தர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிவைத்த தர்மங்கள் நம் நாட்டில் ஏராளம். கல் நின்றது, தர்மம் எங்கெங்கோ போயிற்று. அதனாலன்றோ 1925-ல் சென்னை சட்டசபை கோவில் சொத்துக்களின்மேல் பொது மேற்பார்வைக்குச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. நிரந்தரத்துக்கு அஞ்சி 99 ஆண்டுக்கு மேல் கூடாது என்ற வடக்கு டகோட்டாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இன்றைய தலைமுறை நாளைய தலைமுறையின் கைகளை முற்றும் கட்டலாமா? நாம் கூறுவது இதுவே: கட்டிய நிலத்தில் கட்டடம் எந்நாளும் எழலாம், மூடிய ஏரியும் வெட்டிய காடும் திரும்பி வருவது அரிது. ஆகையால் அவிழ்ப்பதற்கு ஒரு வாசல் இருக்கட்டும். அது நீதிமன்றத்தின் வாசலாக இருக்கட்டும்.

மற்றொன்று. வரிப்பணம் கொடுத்துக் காக்கும் நிலத்தில் பொது ஜனம் காலெடுத்து வைக்கப் பெரும்பாலும் உரிமையில்லை. பண்ணைக்கும் காட்டுயிருக்கும் அது நன்மையாயிருக்கலாம். ஆனால் செல்வரின் வேட்டைக் காட்டுக்கு ஏழையின் வரிப்பணத்தில் வேலி போடுவதாக முடியலாகாது. இந்நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் யாருடையவை என்பதையும் மறத்தலாகாது. அம்மண்ணின் பழங்குடி மக்களும் காப்புப் பாத்தியம் வகிக்கலாம் என்று கலிபோர்னியா 2004-ல் சட்டம் செய்தது. இழந்ததற்கு அது ஈடாகாது. எனினும் நேரிய வழியில் வைத்த ஓரடி.

நமக்கு என்ன?

இவ்விஷயத்தில் நமக்கும் அமெரிக்கருக்கும் வேர் ஒன்றே. 1882-ம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் முதலில் அமுலுக்கு வந்தது சென்னை ராஜதானியிலும், மத்திய மாகாணங்களிலும், குடகிலுமே. பாத்தியம் என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காகவே ஏற்படுவது என்ற அதே ஆங்கிலக் கொள்கையை அச்சட்டமும் மேற்கொண்டது. ஆகவே ஏரியைக் காக்க விரும்பும் சங்கம் ஒன்று இங்கே ஒரு விவசாயியிடம் இத்தகைய சாசனத்தை எழுதிவாங்கினால், பழைய சட்டத்தின் முன் அது நிற்பது கடினம். 1949-ல் சென்னை சட்டசபை தனியார் காடுகளைக் காக்கச் சட்டம் செய்தது. அது கலெக்டரின் அநுமதியின்றி விற்காதே, வெட்டாதே என்று ஆணையிடும் முறை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002-ம் ஆண்டுத் திருத்தம், தாமே முன்வரும் சமூகத்தார் அல்லது தனியாரின் நிலத்தைச் சமூகக் காப்பகமாக அறிவிக்க இடந்தருகிறது; அது அறிவிப்பு முறை. உடைமையாளரும் பொது ஜனமும் சமமாக அமர்ந்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்த முறை இவ்விரண்டிலும் இல்லை.

அத்தகைய முறையை இங்கே கொண்டுவரலாமா என்ற கேள்வி ஒரு நாள் எழக்கூடும். எழுமானால், அமெரிக்கச் சட்டத்தை அப்படியே பெயர்த்தெழுதும் அடிமைப் புத்தி நமக்கு வேண்டாம். நம் நாட்டில் மத்திய வருமான வரி விவசாய வருமானத்தின்மேல் விழுவதில்லை. ஆகவே அமெரிக்க மாதிரியில் வரிக் கழிவு கொடுத்தால், உழுகிறவனுக்கு அது செல்லாக் காசு. ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டிருக்கும் பட்டணத்துச் செல்வருக்கே அது வெல்லக்கட்டி. கொடுப்பதானால் உழுகிறவன் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்று ஊரறியப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆண்டுதோறும் நிலத்தைப் பார்த்துவர வேண்டும். நீதிமன்றத்தின் உத்தரவின்றி ஒரு கையெழுத்தால் எவரும் அதைக் கலைக்க முடியாதிருக்க வேண்டும்.

இந்த நான்கும் இல்லாத சட்டத்தை எவ்வளவு அழகிய பீடிகையோடு கொண்டுவந்தாலும், அது காட்டையும் கழனியையும் காக்காது, கணக்கெழுதுவோரையே காக்கும். நிலம் தனியாருடையதாக இருக்கலாம். அதைக் காப்பதற்குக் கொடுக்கும் பணம் பொது ஜனங்களுடையது. அப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவர்களுடைய உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.